போர்த்தா வெனேசியாவில் ஒரே தட்டு

பிப்ரவரி 25, 2025, செவ்வாய்

தோல் கண்காட்சியும் ஃபேஷன் வாரமும் ஒரே வாரத்தில் விழுந்தால் மிலானில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், நின்ற இடத்திலிருந்து திரும்ப முடியாத குளியலறை. ஓர் இரவுக்கு 190 யூரோ. வாணியம்பாடியிலிருந்து நானும் எங்கள் கம்பெனியின் மூத்த மேனேஜரும் வந்திருக்கிறோம். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கும் அப்படித்தான்.

காலையிலிருந்து தூறல். லீனியாபெல்லே கண்காட்சி ஊருக்கு வெளியே ரோ என்ற இடத்தில் நடக்கிறது. எங்கள் ஊர் டேனரிகள், இத்தாலி, துருக்கி, ஸ்பெயின் என்று ஹால் ஹாலாகத் தோல். ஆட்டுத்தோல் சாம்பிளைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய, விலை கேட்பவர்கள் குறைவு. மதியம் அங்கேயே ஒரு சாண்ட்விச் வாங்கினோம், 9 யூரோ. உள்ளே பன்றித் தொடைக்கறி. அண்ணன் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

சாயங்காலம் தெருவெல்லாம் பேக்கரி ஜன்னல்களில் கியாக்கியேரே குவிந்து கிடந்தது. மைதா மாவை மெல்லிசாகத் தேய்த்துப் பொரித்துச் சர்க்கரைப் பொடி தூவிய கார்னிவல் பலகாரம். மற்ற ஊர்களில் சாம்பல் புதனுக்கு முன்பே கார்னிவல் ஓய்ந்துவிடும். மிலான் மட்டும் தன் புனிதர் அம்புரோஸ் வழிவந்த முறைப்படி அடுத்த சனிக்கிழமை வரை கொண்டாடும். ஒரு பொட்டலம் 4 யூரோ. அதுதான் இரவுச் சாப்பாடு.

பிப்ரவரி 26, புதன்

இன்று சிவராத்திரி. அண்ணன் காலையில் வாழைப்பழம், பால் இல்லாத டீ. கவிச்சி தொடமாட்டார். முட்டை, வெங்காயம் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் ஒரு சைவச் சாப்பாடு கிடைத்தால் போதும் என்று சாயங்காலம் வரை ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்டாலில் நின்றார். ஆறு மணிக்கு முகம் வாடிவிட்டது.

சிவப்பு மெட்ரோ ரோவிலிருந்து நேராகப் போர்த்தா வெனேசியாவுக்கு வரும். எங்கள் அறையும் அந்தப் பக்கம்தான். கொர்சோ புவெனோஸ் அய்ரெஸ் என்ற பெரிய கடைத்தெருவை விட்டு லாசரெத்தோ தெருவில் திரும்பியதும் மூக்கில் ஏறியது: வெங்காயம் வதங்குகிற வாசனை, அதோடு மிளகாய், வெந்தயம். அண்ணன் நின்றுவிட்டார். "தம்பி, இது நம்ம வாசனை இல்ல. ஆனா நம்ம பக்கத்து வாசனைதான்" என்றார்.

இந்தத் தெருக்கள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கொள்ளைநோய்க்காரர்களை அடைத்து வைத்த பெரிய லாசரெத்தோ இருந்தது. 1630 பிளேக்கில் நிரம்பி வழிந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இடித்துவிட்டு வீடு கட்டினார்கள். நடுவிலிருந்த எண்கோணத் தேவாலயம் மட்டும் இன்னும் நிற்கிறது. அந்த வீடுகளின் தரைத்தளங்களில் 1970களிலிருந்து எரித்ரியக்காரர்களின் கடைகள், முடிதிருத்தகங்கள், சாப்பாட்டுக் கடைகள். 1890 முதல் 1941 வரை எரித்ரியா இத்தாலியின் காலனி. பிறகு எத்தியோப்பியாவோடு சேர்க்கப்பட்டு, 1961-இல் தொடங்கிய விடுதலைப் போர் முப்பது ஆண்டு நடந்தது. அந்த ஆண்டுகளில் வந்தவர்கள் இவர்கள். முதலில் வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றே சொல்லலாம் என்று பின்னால் ஒரு பெரியவர் சொன்னார். மிலான் வீடுகளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் தனியாக வந்த பெண்கள்.

ஆவி படிந்த கண்ணாடிக் கதவைத் தள்ளினோம். நாலைந்து மேசை, சுவரில் எரித்ரியத் தலைநகர் அஸ்மாராவின் ஃபியாத் தாலியெரோ பெட்ரோல் பங்க் படம். 1938-இல் கட்டியது, விமானம் இறக்கை விரித்து நிற்கிற வடிவம், இறக்கைகளுக்குக் கீழே தூண் கிடையாது. பரிமாறிக்கொண்டிருந்தது மகள், இருபத்தைந்து வயது இருக்கும். சமையல் அம்மா. கல்லாவில் யாரும் இல்லை.

இறைச்சி இல்லாமல், நெய்கூட இல்லாமல் ஏதாவது உண்டா என்று தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "இன்னைக்கு எங்களுக்கும் அதுதான்." எரித்ரிய ஆர்த்தடாக்ஸ் சபையின் பெரிய நோன்பு இந்தத் திங்கட்கிழமை தொடங்கியிருக்கிறது. ஈஸ்டர் வரை 55 நாள் இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் கிடையாது. அம்மா போன்றவர்கள் பிற்பகல் மூன்று மணி வரை எதுவும் சாப்பிடுவதும் இல்லை. அண்ணனுக்கும் இன்று விரதம் என்று சொன்னதும் அவள் உள்ளே போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கரண்டியோடு வெளியே வந்து அண்ணனைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார்.

சாப்பாடு இருவருக்கும் சேர்த்துப் பெரிய வட்டத் தட்டில்தான் வரும். அண்ணன் மெதுவாக என் காதில், "தனித்தனித் தட்டா கேளுப்பா" என்றார். எங்கள் பக்கம் சொம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொடுத்துத்தான் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொடமாட்டார். கேட்டேன். மகள் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு தட்டு வந்தது. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் எங்கள் ஊரில் பந்தியில் யாராவது இப்படிக் கேட்டால் முணுமுணுப்பு இல்லாமல் முடிந்திருக்காது.

தட்டு முழுக்கத் தாய்தா விரித்திருந்தது. எத்தியோப்பியாவில் இஞ்செரா என்பதைத்தான் எரித்ரியாவில் திக்ரிஞா மொழி பேசுகிறவர்கள் தாய்தா என்கிறார்கள். டெஃப் என்ற கடுகளவு தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து ஊற்றுவது. இங்கே டெஃப் விலை அதிகம், அதனால் சோள மாவும் கோதுமையும் கலப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வெந்து மேலே முழுக்கக் கண் விட்டிருந்தது. அதன் மேல் குவியல் குவியலாகத் திம்திமோ என்ற காரப் பருப்பு, மஞ்சள் போட்ட உருளைக்கிழங்கு கேரட் முட்டைக்கோஸ் அலிச்சா, ஹம்லி என்ற கீரை, நடுவில் கொதிக்கக் கொதிக்க ஷிரோ. ஷிரோ என்பது கொண்டைக்கடலை மாவைக் காரத்தோடு கரைத்துக் காய்ச்சியது. சட்டியோடு வந்து மேசையில் வைத்த பிறகும் குமிழி விட்டது.

ஸ்பூன் கிடையாது. வலது கை மட்டும். அண்ணன் தாய்தாவைக் கிள்ளிப் பருப்பை அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார்: "வெந்தயம் இருக்கு. ஓமம் இருக்கு. கருஞ்சீரகம் இருக்கு." மகள் போய்ப் பெர்பெரே என்ற மசாலாப் பொடியின் ஜாடியையே கொண்டுவந்தாள். காய்ந்த மிளகாயோடு அவர் சொன்ன மூன்றும் இருந்தன. இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, கிராம்பும் உண்டு. ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கொரரிமா என்று அவர்கள் சொல்லும், ஏலக்காய்க்கு உறவான பெரிய காய். ஒரு காயை அவர் உள்ளங்கையில் வைத்து உடைத்துக் காட்டினாள். கற்பூரம் கலந்த வாசனை.

ஆளுக்கு 13 யூரோ. கீழே விரித்த தாய்தா எல்லாக் குழம்பையும் குடித்துக்கொண்டு கடைசியில் இருக்கும், அதுதான் ருசி, அதை விடக்கூடாது என்று அம்மா சைகையிலேயே சொன்னார். விடவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கண்காட்சியின் கடைசி நாள். ஒரு போர்த்துகல் செருப்புக் கம்பெனி சாம்பிள் கேட்டிருக்கிறது, பார்க்கலாம். மழை விடவில்லை, ஷூவுக்குள் தண்ணீர். அண்ணன் தானாகவே "அந்தக் கடைக்கே போலாமா" என்றார். வியாழன் விடுமுறை. பீட்சா.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்றரை மணிக்குப் போனோம். நோன்புக்காரர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தது போல ஒரு நாற்காலி காலியில்லை. வெளியே நின்ற எங்களை அம்மா பார்த்துவிட்டார். சுவரோர மேசையில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ஏதோ சொன்னார். பெரியவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க, சாப்பாடு வந்துடுச்சு" என்பது அவர் இத்தாலிய மொழியில் சொன்னதன் பொருள் என்று மகள் சொன்னாள்.

மேசையில் இருந்தது ஒரே தட்டு. நாலு பேர்.

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பெரியவர் பேச ஆரம்பித்தார். 1970களில் வந்தவர். 1974 முதல் 1991 வரை ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடந்த எரித்ரியர்கள் கோடையில் போலோன்யாவில் கூடி விழா நடத்துவார்களாம். பாட்டு, கூட்டம், போருக்குப் பணம் திரட்டுவது. மனைவியைப் பார்த்தது அங்கேதான். சுவரிலிருந்த படத்தைக் காட்டி, அந்தக் கட்டடங்களுக்காக 2017-இல் யுனெஸ்கோ அஸ்மாராவையே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது என்றார். பிறகு குரல் மாறாமலேயே சொன்னார்: "அந்தப் பெரிய வீதியின் காப்பிக் கடைகளில் என் அப்பா உட்கார முடியாது." முசோலினி ஆட்சியில், 1930களின் இறுதியில் வந்த இனச் சட்டங்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பகுதி, ஊர்க்காரர்களுக்கு வேறு பகுதி. தங்கள் ஊரில் தங்களுக்கே இடமில்லை.

மகள் மொழிபெயர்த்து முடித்தாள். எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது, சொன்னேன். அவர் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். டீக்கடையில் அவருக்கென்று ஒரு கிளாஸைக் கூரை ஓலையில் செருகி வைத்திருப்பார்களாம். வெளியே நின்று குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே செருக வேண்டும். பெரியவரின் மனைவி தமிழ் புரிந்தது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகளிடம் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னேன், அவள் திக்ரிஞாவில் சொன்னாள்.

அண்ணன் வேறு தெரு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பெனியில் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம், அவரவர் டிபன் பாக்ஸில். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தன் பக்கத்துத் தாய்தாவை மட்டும் கிள்ளி, தன் முன்னால் இருந்த கீரையை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். அவரவர் பக்கத்தில் எடுப்பதுதான் அங்கேயும் முறை, நடுவில் கை போட்டு அலசமாட்டார்கள். ஒருவர் விரல் வாய்க்குள் போவதில்லை, தாய்தா மட்டும்தான் போகிறது. கவனித்தால் அவ்வளவு சுத்தம்.

பாதிச் சாப்பாட்டில் அம்மா வந்தார். நோன்பு திறந்து அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. நின்றபடியே எங்கள் தட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, பருப்பை வைத்துச் சுருட்டி, அண்ணன் வாய்க்கு நேராக நீட்டினார். குர்ஷா. பிரியமானவர்களுக்கும் விருந்தாளிக்கும் கையால் ஊட்டுவது அவர்கள் வழக்கம், மறுத்தால் மனம் நோகும். அண்ணனுக்கு 58 வயது. கை நீட்டி வாங்கிக்கொள்ளப் பார்த்தார். அம்மா கையைப் பின்னால் இழுத்துத் தலையை ஆட்டினார், வாயைத்தான் திறக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வாயைத் திறந்தார்.

ஒன்றோடு நிறுத்தக்கூடாதாம். இன்னொன்று வந்தது. அதையும் வாங்கி மென்று விழுங்கிவிட்டு, அண்ணன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு துண்டு கிள்ளினார். ஷிரோவில் தோய்த்துக் கவனமாகச் சுருட்டினார், ஓரம் பிரிந்துவிட மறுபடி சுருட்டினார். முதலில் பெரியவருக்கு. அடுத்தது என் பக்கம் நீண்டது. "சாப்பிடு" என்றார். அவர் மோதிரம் என் உதட்டில் பட்டது.

நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பில்லுக்குப் பெரியவரோடு பெரிய போராட்டம். அவர் கொடுத்துவிட்டார். மகளிடம் அவருக்குத் தெரியாமல் காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்க மறுத்துவிட்டாள்.

மார்ச் 1, சனி

வெயில் வந்தது. இத்தனை நாள் கழித்து மிலானைப் பார்த்தது போல இருந்தது. தெருவில் குழந்தைகள் கார்னிவல் வேஷத்தில் காகிதத் துகள்களை வாரி இறைத்துக்கொண்டு போனார்கள்.

அம்மா எங்களைக் காப்பிக்கு நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டதால் அடுக்களையில் தாய்தா ஊற்றுவதையும் பார்க்கக் கிடைத்தது. மொகோகோ என்கிற அகலமான மின்சார அடுப்பு. மூக்கு வைத்த குவளையில் மாவை எடுத்து, வெளி வட்டத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார். கை நிற்கவே இல்லை. கண்கள் வெடித்ததும் மூடி போடுகிறார். ஓரம் தானாக எழும்பும்போது, கோரையில் பின்னிய தட்டை அடியில் செருகி இழுத்துவிடுகிறார். திருப்பிப் போடுவது கிடையாது. அண்ணன் ஒன்று ஊற்றிப் பார்த்தார், வட்டம் ஒழுங்காகத்தான் வந்தது. அம்மா அவர் தோளில் தட்டினார்.

காப்பிக்கு அவசரமே கூடாது. பச்சைக் கொட்டையைக் கழுவிச் சின்னக் கரண்டிச் சட்டியில் வறுத்தார். எண்ணெய் விட்டுக் கறுத்ததும் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்தார். புகையைக் கையால் முகத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். இடித்து, ஜெபெனா என்ற நீண்ட கழுத்து மண்குடுவையில் இஞ்சியோடு கொதிக்கவிட்டு, பொங்கி வரும்போது வேறு குவளையில் ஊற்றி மறுபடி உள்ளே ஊற்றினார். ஜெபெனாவின் வாயில் குதிரைமயிர் அடைப்பு, அதுதான் வடிகட்டி. கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் பாதிக்குச் சர்க்கரை. பக்கத்தில் தணலில் சாம்பிராணி, கூடையில் சோளப்பொரி. முதல் சுற்று அவெல், இரண்டாவது கலாய், மூன்றாவது பெரெகா. மூன்றாவதுதான் ஆசீர்வாதம், அதற்கு முன் எழுந்து போகக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அதே பொடியில் தண்ணீர் சேர்க்கிறார்கள், காப்பி லேசாகிக்கொண்டே போகிறது, பேச்சு கனமாகிக்கொண்டே வருகிறது.

இரண்டாவது சுற்றில் மகள் 2014, 2015 பற்றிச் சொன்னாள். கடல் தாண்டி வந்த எரித்ரிய இளைஞர்கள் வடக்கே போகும் வழியில் இந்தப் பேட்டைத் தெருக்களிலும் பூங்கா ஓரங்களிலும் படுத்துக் கிடந்தார்கள். அம்மா இரவு கடை மூடியதும் பானையோடு வெளியே போவார். அதற்கு முன் 2013 அக்டோபர் 3-ஆம் தேதி லாம்பெதூசா தீவுக்கு அருகே ஒரு படகு கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் எரித்ரியர்கள். அந்த நாளை இப்போது இத்தாலி நினைவு நாளாக அனுசரிக்கிறது. அதில் அம்மாவுக்குத் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தான். அம்மா கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றின்போது பக்கத்து முடிதிருத்தகத்துப் பையன் ஒரு டப்பாவோடு வந்தான். அவன் எரித்ரிய முஸ்லிம், இன்றுதான் ரமலான் முதல் நோன்பு. ஆறு மணியைத் தாண்டியதும் திறக்க வேண்டும். அம்மா தன் நோன்புப் பருப்பையும் கீரையையும் அவன் டப்பாவில் நிரப்பி, மேலே தாய்தாவை மடித்து வைத்தார். காசு கொடுத்தான், வாங்கிக்கொண்டார், அது வியாபாரம். ஆனால் டப்பா கனத்தது.

அம்மாவின் அக்கா மகன் அஸ்மாராவுக்கு அருகே மை நெஃப்ஹி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவனாம். அங்கே அவனுக்குக் கணக்கு நடத்தியவர் இந்தியர். எந்த ஊர் என்று அண்ணன் விடாமல் கேட்டார். அவர்களுக்கு இந்தியா என்றுதான் தெரியும். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அங்கே வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் உண்டு. ஊருக்குப் போனதும் விசாரிக்கப் போகிறாராம்.

மார்ச் 2, ஞாயிறு

மதியம் விமானம். காலை பத்து மணிக்குக் கடை பூட்டியிருந்தது, அம்மா தேவாலயத்திலிருந்து வெள்ளை நெற்சேலாச் சால்வை போர்த்தியபடி நேராக வந்து திறந்தார். அரைக் கிலோ பெர்பெரே, கொஞ்சம் கொரரிமா, 12 யூரோ. டெஃப் மாவும் கேட்டேன், தன் பையிலிருந்தே ஒரு கிலோ அளந்து கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 20 ஈஸ்டருக்கு வாருங்கள், கோழிக்குழம்பு வைக்கிறேன் என்றார். ஏப்ரலில் நாங்கள் எங்கே வர! அடுத்த கண்காட்சி செப்டம்பர் கடைசியில் என்று அண்ணன் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். மகள் உடனே, அப்படியென்றால் 27-ஆம் தேதி மெஸ்கெல், திருச்சிலுவைத் திருநாள், அதற்கு முந்தின மாலை தீ மூட்டுவார்கள், எல்லோரும் வருவார்கள் என்றாள்.

விமான நிலையம் போகிற பஸ்ஸில் அண்ணன் ஆபீஸுக்கு போன் போட்டார். செப்டம்பர் டிக்கெட்டை 28-க்குத் திரும்புகிற மாதிரி போடச் சொன்னார். கண்காட்சி 25-லேயே முடியுதே சார் என்றது அந்தப் பக்கம். "தெரியும். 28-ன்னு போடு" என்றார்.